நனைந்த கிளினிக் கொப்பி: அனர்த்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மருத்துவ உதவி

2020 மார்கழி (டிசெம்பர்) முதல் கிழமை. புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி முடிந்துவிட்டது, ஆனால் யாழ்ப்பாணத்தில் மழை விட்டபாடில்லை. நகரத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் இடைத்தங்கல் முகாம் போட்டிருந்தார்கள். சோறு பார்சல் இறக்கப் போன என்னிடம், எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா ஒரு சொப்பின் பையை நீட்டினார். உள்ளே அவருடைய கிளினிக் கொப்பி. "இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா பார்த்துச் சொல்லு ராசா" என்றார். பை கிழிந்து தண்ணீர் போயிருந்தது. நீல மை முழுவதும் கரைந்து, ஆஸ்பத்திரி முத்திரையும் ஒரு திகதியும்தான் மிச்சம். சீனி வருத்தம், பிரஷர், இருதயத்திலும் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தெரியும். மருந்தின் பெயர் தெரியாது. "பெரிய வெள்ளைக் குளிசை காலமை ஒண்டு, இரவு ஒண்டு. சின்ன மஞ்சள் குளிசை பாதி." அவ்வளவுதான்.

அன்று அந்த முகாமுக்கு மூன்று மருத்துவக் குழுக்கள் வந்து போயின. மூன்றும் நல்ல மனதோடு வந்த குழுக்கள். பனடோல், விற்றமின், இருமல் பாணி எல்லாம் கொடுத்தார்கள். ஒரு குழு பிரஷரும் பார்த்தது. ஆனால் அந்த அம்மா வழக்கமாக என்ன குடிக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒருவருக்கும் நேரமோ வழியோ இருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவு: எங்கள் ஊரில் வெள்ளமோ புயலோ வந்தால் மருந்தைவிட முதலில் தட்டுப்படுவது, யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்ற தகவல். இதை வைத்துக்கொண்டுதான் முழு விஷயத்தையும் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அவசர மருத்துவ உதவி என்றதும் நாங்கள் மனதில் காண்பது கூடாரம், ஸ்ரெச்சர், ஹெலிகொப்டர், வெளிநாட்டு டொக்டர்கள். பூமியதிர்ச்சிக்கு அந்தப் படம் ஓரளவு சரி, எலும்பு முறிவும் நசுங்கலும் ஆயிரக்கணக்கில் வரும். வெள்ளத்தில் காயம் குறைவு. சுனாமி இன்னும் கொடுமையானது, கடல் கொண்டுபோனவர்களோடு ஒப்பிட்டால் காயத்தோடு தப்பியவர்கள் கொஞ்சப்பேர்தான். தப்பியவர்களிலும் பலருக்கு வந்த ஆபத்து, கடல்நீரும் சேறும் நுரையீரலுக்குள் போனதாலும் சின்னச் சின்னக் கீறல்கள் அழுகியதாலும் வந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுனாமிக்கு அடுத்த கிழமைகளில் நூறு பேருக்கு மேல் ஏற்பு (ரெற்றனஸ்) வந்தது. ஒரு ஏற்பூசி தடுத்திருக்கும்.

முதல் சில மணித்தியாலங்களை எடுத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் உயிர் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்தான், உலகம் முழுக்க இது பார்த்த உண்மை. 2004 மார்கழி 26 காலை பருத்தித்துறையிலிருந்து மணற்காடு, அம்பன், மருதங்கேணி, தாளையடி, செம்பியன்பற்று என்று வடமராட்சிக் கரை முழுக்கக் கடல் ஏறியபோது, ஆட்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது ஊர்ச்சனம். அப்போது 1990 என்ற இலக்கத்து அம்புலன்ஸ் கிடையாது, அது வடக்குக்கு வந்தது 2018 ஆடியில். இப்போது அந்த இலக்கத்துக்கு அடித்தால் காசில்லாமல் வண்டி வரும், பெரிய விஷயம்தான், ஆனாலும் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அம்புலன்ஸ் வர முடியாது, உழவு இயந்திரமும் வள்ளமும்தான் வரும். ஆகவே ஒரு சனசமூக நிலையம் ஆயத்தம் செய்வதென்றால், யாரிடம் உழவு இயந்திரம் இருக்கிறது, யாருக்கு முதலுதவி தெரியும் என்று எழுதி வைத்திருப்பது முதல் வேலை.

அடுத்தது ஆஸ்பத்திரி வாசல். பெரிய விபத்தோ அனர்த்தமோ நடந்தால் முதலில் வந்து சேர்பவர்கள் நடந்து வரக்கூடியவர்கள், அதாவது இலேசான காயக்காரர். மோசமானவர்களைக் கிளப்பிக் கொண்டுவர நேரம் எடுக்கும். அவர்கள் வரும்போது கட்டில், தியேட்டர், ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். இதற்காகத்தான் வாசலிலேயே நிறம் பிரிப்பது: உடனே பார்க்காவிட்டால் போய்விடுவார் என்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடப்பவருக்குப் பச்சை, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றால் கறுப்பு. பச்சைக்காரரை வேறொரு கட்டடத்துக்கு அனுப்பத் தெரிந்த ஆஸ்பத்திரி பாதி வேலையை முடித்துவிடும். கேட்க எளிது. அழுதுகொண்டு நிற்கும் தகப்பனிடம் "உங்கட பிள்ளை பச்சை, அங்கால போங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்திகை வேண்டும், வாசலில் நிற்பவருக்கு வயதும் அனுபவமும் உரத்த குரலும் வேண்டும்.

எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்கே ஓடுவதும் ஒரு பிரச்சினை. மாவட்டத்தில் மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. எங்கே கட்டில் இருக்கிறது, எங்கே இரத்தம் இருக்கிறது, எங்கே சத்திரசிகிச்சை நிபுணர் நிற்கிறார் என்று ஒரே இடத்தில் ஒருவர் போனோடு இருந்து சொல்லாவிட்டால், ஒரு இடத்தில் நெரிசலும் இன்னொரு இடத்தில் வெறுங்கட்டிலுமாகத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து உதவி வரும்தானே என்று கேட்பவர்களுக்கு வரைபடத்தைக் காட்டவேண்டும். குடாநாட்டுக்கு நிலத்தால் வர ஆனையிறவுப் பக்கமும், 2011 தையில் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிப் பக்கமும்தான். கொழும்பு 400 கிலோமீற்றர். ஏ9 வீதி எங்காவது ஓரிடத்தில் வெள்ளத்தில் அறுந்தால் மருந்து லொறி அங்கேயே நிற்கும். 2025 கார்த்திகை கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவு, மற்ற இடங்களில் வெள்ளம், நாடு முழுக்க ஒரே நேரத்தில் அடிபட்டது. அப்படிப்பட்ட நாளில் வடக்குக்கு மட்டும் என்று யாரும் உடனே வரமாட்டார்கள், வரவும் முடியாது. வெளிநாட்டுக் கள வைத்தியசாலைகளும் அப்படித்தான், முதல் இரண்டு மூன்று நாட்கள் கழிந்துதான் வேலை தொடங்கும். 2010 ஹெயிட்டி பூமியதிர்ச்சியில் யார் யாரோ வந்து இறங்கிக் குழம்பிய பிறகு, 2013இல் உலக சுகாதார அமைப்பு வரும் குழுக்களுக்கு ஒரு தரம் பிரித்தது: வெளிநோயாளரை மட்டும் பார்ப்பது முதல் வகை, சத்திரசிகிச்சையும் குறைந்தது 20 கட்டிலும் உள்ளது இரண்டாம் வகை, அதிதீவிர சிகிச்சையோடு வருவது மூன்றாம் வகை. தனக்கு வேண்டிய தண்ணீர், சாப்பாடு, எரிபொருளை அந்தக் குழுவே கொண்டுவரவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. உள்ளூரில் போகும் மருத்துவ முகாம்களுக்கும் இந்த விதி நல்லதுதான், முகாமில் உள்ள சனத்தின் தேத்தண்ணியை நம்பிப் போகக்கூடாது.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வருவோம், ஏனென்றால் பல உயிர் போவது இங்கேதான். 2017இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அரசாங்கம் முதலில் சொன்ன சாவு 64. பிறகு ஆறு மாதக் கணக்கை ஆராய்ந்து பார்த்தபோது 2,975 என்று ஏற்றுக்கொண்டார்கள். மிச்சப்பேரில் பலர் புயல் அடித்த நாளில் சாகவில்லை. கரண்ட் இல்லாமல், வீதி இல்லாமல், மருந்து இல்லாமல், வழக்கமான சிகிச்சை அறுந்து மெல்ல மெல்லப் போனவர்கள். அந்தச் சாவுகளைப் படம் எடுக்க ஒருவரும் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு சீனி, பிரஷர். மாதக் கிளினிக்கில் மருந்து எடுக்கும் சனம். கிளினிக் நாள் வெள்ளத்தில் போனால் கையில் இருக்கும் குளிசை மூன்று நாளில் முடிந்துவிடும். சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிப்பவர்கள் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை போயே ஆகவேண்டும், நாலு நாள் தவறினால் உயிருக்கு ஆபத்து. வலிப்புக்கு மருந்து எடுப்பவர், மனநோய்க்கு எடுப்பவர், காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் எடுப்பவர், இவர்கள் முகாமில் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள், வகுப்பறையில் இருபது குடும்பத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? கரண்ட் போனால் இன்சுலின் போடுபவருக்குக் குளிரூட்டி வேலை செய்யாது. அதற்கு மண்பானை போதும்: வெளிப்பக்கம் ஈரமாக வைத்து, தண்ணீர் படாமல் ஒரு சின்னப் பாத்திரத்துக்குள் மருந்தை வைத்தால் வெளிச்சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பி அளவான சூட்டில் நாலு கிழமை வரை தாங்கும் என்பதையும் சொல்லவேண்டும், பழுதாகிவிட்டது என்று பயந்து எறிந்துவிட்டு ஊசி போடாமல் இருப்பவர்கள் உண்டு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு பெரும் பலம் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மிட்வைஃப், அவரிடம் ஒரு பதிவேடு, அதில் யாருக்கு எத்தனையாம் மாதம், யாருக்கு பிரஷர், யாருக்கு முதல் பிள்ளை சத்திரசிகிச்சை என்று எல்லாம் இருக்கும். நெடுந்தீவில் எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் ஒரு பெண் இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவரைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிவிடவேண்டும். கடல் கொந்தளித்த பிறகு படகு ஓடாது, கடற்படைப் படகோ ஹெலிகொப்டரோ கேட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து டொக்டர்மார் வந்திறங்கும் முகாமைவிட அந்த ஒரு பதிவேடு பெறுமதி கூடியது என்று நான் நம்புகிறேன். வயதானவர்களுக்கும் நீண்டகால நோயாளிகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் கிராம சேவையாளரான விதானையாரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையிலோ இருந்தால், முகாம் திறந்த முதல் நாளே வேலை தொடங்கலாம்.

மருந்து அனுப்புவது பற்றிக் கொஞ்சம் பச்சையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் சனம் ஊரில் தண்ணீர் என்று கேட்டவுடன் துடித்துப்போய் எதையாவது அனுப்பப் பார்க்கிறார்கள், பழைய மாணவர் சங்கங்கள் பெட்டி கட்டுகின்றன. சுனாமிக்குப் பிறகு ஆச்சேக்கு வந்து குவிந்த மருந்து ஏறத்தாழ 4,000 தொன். அங்கே இருந்த சனம் 20 இலட்சத்துக்கும் குறைவு. பெரும்பகுதி அந்த நாட்டுப் பட்டியலிலேயே இல்லாத மருந்து, அங்குள்ளவர்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய பெட்டிகள். பிரித்து அடுக்க ஆள், வைக்க இடம், பிறகு எரித்து அழிக்கக் காசு. அதனால்தான் வந்து சேரும் நாளில் குறைந்தது ஒரு வருடமாவது காலாவதித் திகதி இருக்கவேண்டும், வாங்குபவர் கேட்ட மருந்தாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு விதி வைத்திருக்கிறது. இலங்கைக்குள் மருந்து கொண்டுவர ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். சரி, அப்படியென்றால் என்ன அனுப்புவது? காசு. அல்லது இங்குள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் கேட்டு, அவர்கள் தரும் பட்டியலில் உள்ளதை மட்டும். பல நேரம் அவர்கள் கேட்பது மருந்தாக இருக்காது, டீசலாகவோ தறப்பாளாகவோ குளோரினாகவோ இருக்கும்.

டீசல் என்றதும் இன்னொன்று. 2015 மார்கழியில் சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் மின்பிறப்பாக்கி தண்ணீரில் மூழ்கி, சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன், 2005இல், கத்ரினா புயலில் நியூ ஓர்லியன்ஸிலும் இதே கதைதான், மின் ஏற்பாடெல்லாம் நிலக்கீழ் மாடியில். மின்பிறப்பாக்கியை உயரத்தில் வைப்பதும், ஒட்சிசன் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணி வைப்பதும் மழைக்கு முந்தி, புரட்டாதியில் செய்யவேண்டிய வேலை.

முகாமுக்குள் தண்ணீரும் மலசலகூடமும்தான் மருத்துவம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது சர்வதேச அளவுகோல். எங்கள் பள்ளிக்கூடங்களில் இருக்கும் மலசலகூடங்களை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர. குடிப்பது கிணற்றுத் தண்ணீர், அடியில் சுண்ணாம்புக்கல், அது வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக நேரம் எடுக்காது. வெள்ளம் மேலால் ஓடிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, அளவு பார்த்துத்தான் குடிக்கலாம். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கையில் ஒரு சின்னச் சோதனைப் பெட்டியோடு வரவேண்டும். கடல் ஏறிய கிணறென்றால் கதை வேறு: மோட்டர் போட்டு விடாமல் இறைத்தால் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் இன்னும் மேலே ஏறும், சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இந்தத் தவறு நடந்தது. வயிற்றோட்டம் தொடங்கினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெற்றுகள் கைவசம் இருக்கவேண்டும்.

பிணத்தால் கொள்ளைநோய் வரும் என்ற பயமும் எங்களிடம் பலமாக இருக்கிறது. அடிபட்டோ மூழ்கியோ இறந்தவரின் உடல் ஊருக்கு நோய் பரப்பாது. அவசரமாகக் கூட்டாகப் புதைத்தால், பெயரும் தெரியாமல் மரணச் சான்றிதழும் இல்லாமல் வருடக்கணக்கில் அலைவது உறவினர்தான். ஒரு படம், உடுப்பின் துண்டு, ஒரு இலக்கம், இவ்வளவும் எடுத்து வைத்துவிட்டுச் செய்யலாம்.

முகாமில் எல்லோரும் தரையில்தான் படுப்பார்கள். வெள்ளத்துக்கு மேட்டைத் தேடி வரும் பாம்பும் அங்கேதான் வரும். இரவில் தூக்கத்தில் கடிக்கும் ஒரு வகை இருக்கிறது, தடமும் தெரியாது, வலியும் இருக்காது. விடியப்புறம் வயிற்றுக்குத்து, பிறகு கண் இமை தூக்க ஏலாது. அப்படி யாராவது சொன்னால் சாப்பாட்டுப் பிழை என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றவேண்டும்.

வெள்ளம் வடிந்து, முகாம் மூடி, குழுக்கள் எல்லாம் போன பிறகு வருவதுதான் காய்ச்சல். 2024 கார்த்திகை கடைசியில் ஃபெங்கால் புயல் மழையில் வயலும் வீடும் மூழ்கின. மார்கழி பத்தாம் திகதியை அண்டி வடமராட்சி, சாவகச்சேரிப் பக்கமிருந்து காய்ச்சலோடு வந்தவர்கள் மூச்சுத் திணறி அடுத்தடுத்து இறந்தார்கள், குறைந்தது ஏழு பேர். என்ன நோய் என்று தெரியாமல் ஊர் நடுங்கிய நாட்கள் அவை. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் கால் வைத்தால் சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும், பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாளுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் வரும், மோசமானால் நுரையீரலுக்குள் இரத்தம் கசியும். நாட்களை எண்ணிப் பாருங்கள், சரியாக இரண்டு கிழமை. தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை டொக்சிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம், விலையும் அதிகமில்லை, ஆனால் யார் தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்று தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பின்னாலேயே டெங்கு வரும், வெள்ளம் விட்டுப்போன சிரட்டையிலும் தகரத்திலும் நுளம்பு பெருக இரண்டு கிழமை போதும். ஆகவே மருத்துவ உதவி என்பதை ஐந்து நாள் வேலையாகத் திட்டமிடுபவர்கள், தேவை தொடங்கும் நேரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு முகாமிலும் தினமும் எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றோட்டம், எத்தனை மஞ்சட்காமாலை என்று ஒரு தாளில் எழுதி எம்.ஓ.எச். பணிமனைக்கு அனுப்பினால், நோய் தலை தூக்குவது முந்தியே தெரிந்துவிடும்.

இதெல்லாவற்றையும் யார் பார்ப்பது? சட்டப்படி ஏற்பாடு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117 என்ற இலக்கம், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அதன் மாவட்டப் பிரிவு. சுகாதாரப் பக்கத்தில் பிராந்தியப் பணிப்பாளர், அவருக்குக் கீழ் எம்.ஓ.எச்., அவருக்குக் கீழ் பி.எச்.ஐ.யும் மிட்வைஃப்பும். முகாம் போட விரும்பும் எந்தக் குழுவும் முதலில் எம்.ஓ.எச்.ஐக் கேட்டு, எந்த இடத்துக்கு இன்னும் ஒருவரும் போகவில்லை என்று அறிந்து போனால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று குழுவும் அடுத்த ஊருக்கு ஒன்றுமில்லாமலும் ஆகாது. கொடுத்த மருந்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்த மண் இது, இன்றைக்கும் மருந்து உறையில் டொக்டருக்கு மட்டும் விளங்கும் சுருக்கெழுத்து.

அந்த உறைதான் கடைசியில் அன்றைக்கு உதவியது. அந்த அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது: "அலுமாரிக்கு மேல பிஸ்கட் ரின் இருக்கு, பழைய உறையள் அதுக்குள்ள போட்டு வச்சனான்." பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன், பதினெட்டு வயதிருக்கும், இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் அந்த ரின்னைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். உறைகள் காய்ந்தபடியே இருந்தன. மருந்தின் பெயர், அளவு எல்லாம் தெளிவு. பின்னேரம் வந்த தாதி ஒருவர் பார்த்துவிட்டு ஒரு புதுக் கொப்பியில் எழுதினார், அடுத்த நாள் மருந்தும் வந்தது. ஆனால் ரின்னைக் கண்டதும் அந்த வகுப்பறையில் இருந்த மற்றவர்களும் எழும்பிவிட்டார்கள். "எங்கட வீட்டிலயும் சாமிப்படத்துக்குப் பின்னால இருக்கு தம்பி." "எங்கட குசினித் தட்டில." பதினொரு வீடு. நான் ஒரு தாளில் பெயரும் இடமும் எழுதிக் கொடுக்க, அவன் அதைச் சொப்பின் பையில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினான். பொழுதுபடுவதற்குள் நாலு தடவை போய் வந்தான், வெறுங்காலோடு. அவனுக்குப் போட ஒரு சோடி பூட்ஸ் அன்று அந்த முகாமில் இருக்கவில்லை.